கடலுக்குப் போகிறவர்கள் காணாத பொத்துவில்

 

சில மாதங்களுக்கு முன் வகுப்பிலே பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, "உங்கட ஊரை வரையுங்க" என்றோம். பெரும்பாலான பிள்ளைகள் வரைந்தது அலை, அலைப்பலகை, தென்னை மரம், வெள்ளைக்காரர். ஒரேயொரு பிள்ளை மட்டும் வட்டைக்குள்ளே ஒரு வாடியும், அதன் மேலே காவலிருக்கும் ஒரு மனிதரையும், தூரத்தில் ஒரு யானையையும் வரைந்திருந்தது. "இது யாரு?" என்று கேட்டோம். "எங்கட வாப்பா, சேர்" என்றது பிள்ளை.

அந்தப் படம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. பொத்துவில் என்றால் வெளியூரவருக்கு அறுகம்பே, அது பரவாயில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் அப்படியே ஆகிவிட்டால் அது பெரிய இழப்பு. இந்த ஊர் முதலில் வேளாண்மை ஊர். கடற்கரைக்குப் பெயர் வருவதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பே இங்கே மனிதர்கள் விதைத்தார்கள், வெட்டினார்கள், சூடடித்தார்கள், யானையோடும் மழையோடும் மல்லுக்கட்டினார்கள்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். கிழக்குக் கரையிலே ஊர்ப் பெயர்களைக் கவனித்துப் பாருங்கள்: பொத்துவில், தம்பிலுவில், கோளாவில், ஒலுவில். எல்லாம் "வில்" என்று முடிகின்றன. எங்கள் பக்கத்திலே வில், வில்லு என்றால் மழைநீர் தேங்கி நிற்கும் ஆழமில்லாத இயற்கை நீர்நிலை. பறவைகளுக்குப் பேர்போன குமனை வில்லும் அப்படி ஒன்றுதான். சிங்களத்திலும் "வில" என்றால் அதே பொருள். "பொத்து" என்ற முன்பாதிக்கு ஊரிலே பல கதைகள் இருக்கின்றன. பின்பாதியில் சந்தேகமில்லை. தண்ணீரைக் கண்டு மனிதர் தங்கிய இடம் இது. அறுகம்பே என்ற பெயருக்குள்ளும் மாடு மேயும் அறுகம்புல்தான் இருக்கிறது.

பழைய நிருவாகத்திலே எங்கள் பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்கோடியான பாணமைப்பற்றைச் சேர்ந்தது. 1961 இல் அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிந்தபோது அதற்குள் வந்தோம். வடக்கே கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று. மேற்கே லகுகல, சியம்பலாண்டுவ, அதைத் தாண்டினால் மொணறாகலை. தெற்கே பாணமை, உகந்தை, குமனை. கிழக்கே கடல். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொணறாகலை ஊடாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதி மலையையும் காட்டையும் கடந்து கிழக்குக் கடலோரம் வந்து சேரும் இடம் எங்கள் ஊர்தான்.

இந்த அமைவிடம் இன்று வந்ததல்ல. ஊவாவின் வெல்லஸ்ஸப் பகுதிக்கு அருகிலுள்ள கிழக்குக் கரை எங்களுடையது. வெல்லஸ்ஸ என்றால் நூறாயிரம் வயல் என்று பொருள். கண்டி இராச்சிய காலத்திலே உள்நாட்டுக்கும் கரையோரத்துக்கும் இடையே சரக்கு கொண்டுசென்றவை தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்கள். அந்தத் தொழிலிலே முஸ்லிம்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் மேலே போகும். பாக்கும் மலைநாட்டுச் சரக்கும் கீழே வரும். 1817 இல் வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்குப் பொறுப்பாக ஹாஜி மரிக்கார் என்பவரை ஆங்கிலேயர் முகாந்திரமாக நியமித்தார்கள். ஊவாப் பெருங்கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களில் ஒன்றாக அந்த நியமனத்தை வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். எங்களுக்குப் பக்கத்துக் காட்டுக்குள்ளே நடந்த வரலாறு அது. எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

அதற்கும் முன்னர், 1626 அளவில், போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை மட்டக்களப்புப் பகுதியிலே குடியேற்றினான். 4,000 பேர் என்று நூல்கள் சொல்கின்றன. அவர்களுக்கு முன்பே வந்து கலந்திருந்த குடும்பங்களும் இருந்தன. கிழக்கிலே முஸ்லிம்கள் வெறும் வணிகராக நில்லாமல் விவசாயிகளாக ஆனது இப்படித்தான். அயலிலிருந்த தமிழ் மக்களோடு ஒரே வட்டையிலே இறங்கி, அதே போகம், அதே மரைக்கால், அதே அவணக் கணக்கு என்று வாழ்ந்தோம். தாய்வழிக் குடிமுறையும், பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருக்கும் வழக்கமும் இரு சமூகத்துக்கும் பொதுவாயின. பள்ளிவாசல் நிருவாகத்திலே குடிக்கு ஒரு மரைக்காயர் இருக்கும் வழக்கமும் அந்த வேரிலிருந்து வந்ததுதான்.

எங்கள் பேச்சையே பாருங்கள். வேறிடங்களிலே வேளாண்மை என்றால் பொதுவாக விவசாயம். எங்களுக்கு வேளாண்மை என்றால் வயலிலே நிற்கும் நெல். "வேளாண்மை நல்லா நிக்குது", "வேளாண்மை வெட்டியாச்சு" என்றுதான் சொல்வோம். போடியார், முல்லைக்காரர், வட்டவிதானை, களவெட்டி, வாடி, பொலி. இவையெல்லாம் ஒரு காலத்தில் ஊரே பேசிய சொற்கள். களவெட்டியிலே பேசுவதற்கென்றே தனிப் பாஷை இருந்தது. வீட்டிலே பேசும் சொல்லை அங்கே பேசினால் பரக்கத்துக் குறைந்துவிடும் என்று மூத்தவர்கள் தடுப்பார்கள். இன்று வெட்டுமெஷின் வந்து ஒரு மணித்தியாலத்திலே வெட்டி, அடித்து, சாக்கிலே போட்டுவிட்டுப் போகிறது. வேலை இலகுவானது நல்லதே. களவெட்டி போனபோது அந்தச் சொற்களும் கூடவே போய்விட்டன என்பதுதான் கவலை.

இப்போது, வருகிறவர்கள் எதைக் காண்கிறார்கள் என்று பார்ப்போம்.

அறுகம்பேயில் அலைச்சறுக்கும் காலம் ஏப்ரல், மே தொடங்கி ஒக்டோபர் வரை. அப்போது தென்மேற்குக் காற்று. எங்கள் பக்கம் வரட்சி. 1970களிலிருந்தே வெளிநாட்டு இளைஞர்கள் பலகையோடு வந்து, குடிசைகளிலே தங்கி, அலையைத் தேடி அலைந்தார்கள். இன்று அது உலகம் அறிந்த இடம். 2019 செப்டெம்பரில் உலக அலைச்சறுக்கு லீக்கின் போட்டியும் அங்கே நடந்தது. எங்கள் பிள்ளைகளே அலைச்சறுக்கில் ஆசான்களாக இருக்கிறார்கள். பெருமைதான்.

ஆனால் கவனியுங்கள். ஒக்டோபரில் வடகீழ்ப் பருவமழைக்கு முகில் கட்டும்போது வெளிநாட்டவர் பெட்டியைக் கட்டிவிடுகிறார். அதே கிழமைகளிலேதான் எங்கள் விவசாயி உழவுக்கு இறங்குகிறார். டிசம்பர், ஜனவரியில் வட்டை முழுக்கப் பச்சை. பெப்ரவரி, மார்ச்சில் பொன்னிறம், வெட்டு, சாக்கு, லொறி. எல்லாம் முடிந்து வெறும் தாள் காய்ந்து கிடக்கும்போது அடுத்த விமானம் வந்து இறங்குகிறது. ஆகவே, வருகிறவர் ஒருபோதும் எங்கள் ஊரைப் பச்சையாகக் கண்டதில்லை! அவர் கண்டது புழுதியும் கடலும்தான். எங்கள் ஊருக்கு வருடத்துக்கு இரண்டு அறுவடை: மாரியிலே நெல், கோடையிலே விருந்தாளி. ஒன்றை அறிந்தவருக்கு மற்றது தெரியாது.

கடற்கரையின் பெயர்களிலும் பயிர் இருக்கிறது. தெற்கே பாணமைப் பக்கம் அலைச்சறுக்குவோர் "பீனட் பார்ம்" என்று அழைக்கும் இடத்தின் பெயர் கச்சான் தோட்டம் என்பதன்றி வேறென்ன? மேட்டு நிலத்திலே சோளமும் கச்சானும் குரக்கனும் சேனைப் பயிராக விளைந்த மண் இது.

கடலைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று கேட்போருக்கு ஒரு நாளைக்குள்ளே காட்டக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

ஊருக்கு வடக்கே களப்பு. கண்டல் மரங்களுக்கு நடுவே மீனவர்கள் தோணியிலே கூட்டிப் போவார்கள். இயந்திரச் சத்தம் இல்லை, துடுப்புத்தான். முதலை, கொக்கு, சில வேளை கரையிலே யானை. இறாலும் நண்டும் பிறந்து வளரும் இடம் அது. கண்டலை வெட்டினால் கடல் மீனும் குறையும் என்பது அந்த மீனவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மேற்கே சுமார் 15 கிலோமீற்றரில் லகுகல. 1980 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட லகுகல கிதுலான, 1,554 ஹெக்டயர் மட்டுமே உள்ள, நாட்டின் சிறிய தேசிய பூங்காக்களில் ஒன்று. குளத்திலே வளரும் "பெரு" என்ற புல்லைத் தேடி யானைகள் கூட்டமாக வரும். வீதியோரம் நின்றே பார்க்கலாம். அதற்கருகிலே மகுல் மகா விகாரையின் இடிபாடுகள். அங்குள்ள சந்திரவட்டக் கல்லிலே யானைகளின் மீது பாகர்கள் அமர்ந்திருப்பதாகச் செதுக்கியிருக்கிறார்கள். வேறிடங்களில் காண்பது அரிது. 

ஊரின் கடற்கரையிலே மணல்மேட்டுக்கு நடுவில் முகுது மகா விகாரை. கல்லிலே நின்ற நிலைப் புத்தர் சிலையும் அருகே இரு உருவங்களும் இருக்கின்றன. கடலிலே விடப்பட்ட இளவரசி விகாரமகாதேவி கரையேறிய இடம் இதுவே என்று ஒரு மரபு சொல்கிறது. தெற்கே கிரிந்தவிலும் அதே கதையைச் சொல்கிறார்கள்.

தெற்கே போனால் பாணமை. சிங்களமும் தமிழும் ஒரே குடும்பத்திலே கலந்திருக்கும் ஊர். பத்தினித் தெய்வத்துக்குக் கொம்பு விளையாட்டு நடத்துவார்கள். தமிழர் கொம்புமுறி என்பதும் சிங்களவர் அங்கெலிய என்பதும் ஒன்றே. அதற்கப்பால் உகந்தை முருகன் ஆலயம், பிறகு குமனை தேசிய பூங்கா. யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் யாத்திரிகர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் காட்டுக்குள் இறங்குகிறார்கள். களைத்து வருகிறவருக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு மதம் கேட்டு நிற்கும் வழக்கம் எங்கள் மூத்தவர்களிடம் இருந்ததில்லை.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, "சேர், அழகானதை மட்டும் சொல்றீங்க" என்று யாரும் கேட்கக்கூடும். ஆசிரியராக இருந்துகொண்டு பாதி வரலாறு சொல்வது சரியல்ல. ஆகவே மற்றப் பாதியையும் சொல்கிறோம்.

1990 இல் ஊறணிப் பகுதித் தமிழ் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 60ஆம் கட்டையடியிலுள்ள கனகர் கிராமத்தவர்கள் 2018 இலும் தங்கள் காணியைக் கேட்டு வீதியோரத்திலே போராட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் விவசாயிகளும் யுத்தத்துக்கு முன்னர் செய்கைபண்ணிய காணிகளுக்கு, யுத்தம் முடிந்தபின் திரும்பிப் போக முடியாமல் தவித்தவர்கள்தான். காணி இழந்தவரின் வலி எங்களுக்கு விளங்காததல்ல.

2004 டிசம்பர் 26 கடல் எழுந்துவந்தது. உல்லையும் கரையோரமும் அழிந்தன, அறுகம்பேப் பாலம் சேதமாகியது, அப்பாலுள்ளவர்கள் துண்டிக்கப்பட்டார்கள். அமெரிக்க மக்களின் உதவியோடு கட்டிய புதிய பாலம் 2008 இல் திறக்கப்பட்டது. அந்தப் பாலத்திலே நின்று படம் எடுக்கும் இளைஞர்கள், கீழே ஓடும் தண்ணீர் அன்று எதைக் கொண்டுபோனது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

2006 செப்டெம்பரில் குளத்து வேலைக்காகப் போன எங்கள் ஊர்த் தொழிலாளர் 10 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் மட்டும் உயிர் தப்பினார். அவர்கள் கையிலே இருந்தது மண்வெட்டி. அவர்கள் போனது வயலுக்குத் தண்ணீர் வரும் வழியைச் சரிசெய்ய. யார் செய்தார்கள் என்று ஒருவர்மேல் ஒருவர் விரல் நீட்டினார்கள்; எவரும் தண்டிக்கப்படவில்லை. இந்த ஊரின் வேளாண்மை வரலாற்றை எழுதும் எவரும் அந்தப் பத்துப் பேரைக் கடந்து போக முடியாது. நாங்கள் சாப்பிடும் சோற்றிலே அவர்களின் உழைப்பும் இருக்கிறது. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

அதன் பிறகும் சோதனைகள் ஓயவில்லை. 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பின் விருந்தாளிகள் வரவில்லை. 2020 இல் கொரோனா. 2021 இல் இரசாயனப் பசளைத் தடை. பெரும்போக வேளாண்மை மஞ்சள் பூத்து நின்றதை மறக்க முடியுமா? 2022 இல் டீசல் வரிசை. கடலை நம்பினவரும் கஷ்டப்பட்டார், வயலை நம்பினவரும் கஷ்டப்பட்டார். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை பேரணி புறப்பட்டபோது, ஜனாஸா எரிப்புக்கு எதிரான எங்கள் குரலும் தமிழ் மக்களின் குரலும் ஒரே வீதியிலே கலந்தன. 2024 ஒக்டோபரில் அறுகம்பேக்குப் போகவேண்டாமென்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. ஒரே நாளிலே எங்கள் ஊரின் பெயர் உலகச் செய்திகளிலே அச்சத்தின் பெயராக வந்தது. வந்தவருக்குச் சோறு போட்டு அனுப்பும் ஊருக்கு அது எவ்வளவு வலி என்று எங்களுக்குத்தான் தெரியும்.

இங்கேதான் நாங்கள் சொல்ல வந்த விடயம். எங்கள் கதையை நாங்கள் சொல்லாவிட்டால் வேறு யாரோ சொல்வார்கள். ஒருவர் எங்கள் ஊரை வெறும் விருந்துக் கொண்டாட்டக் கடற்கரை என்பார். இன்னொருவர் ஆபத்தான இடம் என்பார். வேறொருவர் விகாரையின் கல்லைக் காட்டி, நீங்கள் நேற்று வந்தவர்கள் என்பார். முகுது விகாரையின் எல்லை பற்றிப் பல வருடங்களாக இருக்கும் பிணக்கு எல்லோருக்கும் தெரியும். குடியிருக்கும் மக்களின் காணி உரிமை உறுதியைக் கொண்டும் சட்டத்தைக் கொண்டும் தீர்க்கப்பட வேண்டியது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கல்லைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் பயப்படத் தேவையில்லை. அதுவும் இந்த மண்ணின் வரலாறு. எங்களுடையதும் இந்த மண்ணின் வரலாறு. முழு வரலாறும் படித்த பிள்ளையை எவரும் இலகுவில் ஏமாற்ற முடியாது.

இன்னொரு பயமும் உண்டு. சீதனமாகப் பிரிந்து பிரிந்து வயல் காணி சிறுத்துவிட்டது. பசளை விலை, யானைத் தொல்லை, நெல்லுக்கு விலையில்லை. பகலிலே பயணிகள் ஜீப்பிலே போய்ப் படம் எடுக்கும் அதே யானைதான் இரவிலே எங்கள் வேளாண்மைக்குள் இறங்குகிறது. கண்விழித்துக் காவலிருந்த விவசாயி, மகனைப் பார்த்து "நீ இதைச் செய்யாதே" என்கிறார். மகன் கடற்கரைக்குப் போகிறான், அல்லது வளைகுடாவுக்கு. அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் வயல் போனால் இந்த ஊர் ஒரு கடற்கரைக்குப் பின்னாலுள்ள கடைத்தெருவாகச் சுருங்கிவிடும். கடலுக்கு ஒரு வருடம் ஆள் வரும், ஒரு வருடம் வராது. 2019க்குப் பின் அதை நன்றாகவே படித்துவிட்டோம்.

ஆகவே சில சிறிய வேலைகளை முன்வைக்கிறோம். பெரிய பணம் தேவையில்லை.

முதலாவது, ஜனவரியிலும் விருந்தாளியை அழைப்போம். அலை இல்லாவிட்டாலும் பச்சை வட்டை இருக்கிறது, களப்பு இருக்கிறது, பறவை இருக்கிறது. வரம்பிலே நடந்து, வாடியிலே இருந்து, சட்டித் தயிரும் சோறும் சாப்பிட்டுப் போகட்டும். அந்தப் பணம் விவசாயியின் கைக்கே போகட்டும்.

இரண்டாவது, வீட்டு முகட்டிலே கிடக்கும் மரைக்கால், ஏர், நுகம், பழைய உறுதி, பழைய புகைப்படம் எதையும் எறிய வேண்டாம். நூலகத்திலோ பாடசாலையிலோ ஒரு மூலை ஒதுக்கி வைப்போம்.

மூன்றாவது, ஒவ்வொரு மாணவனும் தன் மூத்தம்மாவிடமோ மூத்தவாப்பாவிடமோ அரை மணித்தியாலம் இருந்து, களவெட்டிப் பாஷையில் பத்துச் சொல்லையாவது போனிலே பதிவு செய்யட்டும்.  அந்தச் சொற்கள் அவர்களின் வாயிலே இருக்கின்றன. சென்ற வருடம் இருந்த சிலர் இந்த வருடம் இல்லை.

அந்தப் பிள்ளை வரைந்த படத்தை வகுப்புச் சுவரிலே ஒட்டியிருக்கிறோம். மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்து, "எங்கட அப்பாவும் காவலுக்குப் போனவராம்", "எங்கட மாமாட வட்டையும் அங்கதான்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த தவணையும் அதே தாளைக் கொடுத்து ஊரை வரையச் சொல்லப் போகிறோம். அப்போது எத்தனை வாடி வருகிறது என்று பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

இதிலே விடுபட்டது நிறைய இருக்கும். ஊர்ப் பெரியவர்கள், தமிழ், சிங்கள அயலவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லித் தாருங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். எழுதி வைப்பது எங்கள் பொறுப்பு.